7ஆம் கேள்வி: சொந்தக் காணி உண்டா?



கொஞ்சம் நீளமான பதிவு. சோனகர் தெருவிலும் பொம்மைவெளியிலும் இருப்பவர்கள், புத்தளத்தில் இருந்துகொண்டு ஊரை நினைப்பவர்கள், அயலில் இருக்கும் தமிழ்ச் சகோதரர்கள் எல்லோரும் ஒருமுறை வாசித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். வாசிக்காமல் லைக் மட்டும் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள்.

நம்முடைய பகுதியில் சில இளைஞர்கள் வீடு வீடாகப் போய் ஒரு படிவம் நிரப்புகிறார்கள். யாருக்கு வீடு இல்லை, யாருடைய வீடு பாதியில் நிற்கிறது, ஒரு வீட்டுக்குள் எத்தனை குடும்பம் என்று நாங்களே ஒரு கணக்கு எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த திட்டம் வரும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவதுதான் நோக்கம். நல்ல வேலை. படிவத்தைத் திருத்திக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் குறையும் என்னுடையதுதான்.

போன வெள்ளிக்கிழமை என் மச்சி, அதாவது மௌத்தாகிப்போன என் தம்பியின் மனைவி, அந்தப் படிவத்தைக் கொண்டுவந்தார். ஆறு கேள்வி வரை ஒழுங்காக நிரப்பியிருந்தார். 7ஆவது கேள்வி: "சொந்தக் காணி உண்டா? ஆம் / இல்லை."

"மச்சி, இதுக்கு நான் என்னத்த எழுத? ஓம் எண்டா உறுதி கேப்பாங்க. இல்ல எண்டா அப்ப இங்க என்ன செய்யிறீங்க எண்டு கேப்பாங்க."

பேனையை வைத்துக்கொண்டு நானும் கொஞ்ச நேரம் இருந்தேன். கணிதம் படிப்பிக்கிற எனக்கே அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் எழுத முடியவில்லை.

அந்தக் காணியின் கதை இதுதான். வாப்பாவின் பெயரில் ஒரு பரப்பு, அதாவது 10 பேர்ச். முன்னுக்குக் கல்வீடு, பின்னுக்குக் குசினி, கிணறு, கிணற்றடியில் ஒரு மாமரம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எனக்கு 12 வயது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஜின்னா மைதானத்துக்கு எல்லோரும் வரவேண்டும் என்று. விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். உடுத்த உடுப்போடும் ஆளுக்கு 150 ரூபாவோடும் புறப்பட்டோம். வடக்கில் இருந்து அப்படி வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர். இதை நான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன், இன்றைக்கு அதற்குள் போகவில்லை. இன்றைக்குச் சொல்லவேண்டியது, உம்மா வீட்டுச் சாவியோடு காணி உறுதியையும் எடுக்க நினைத்தார் என்பதும், உறுதி இருந்த இரும்புப் பெட்டியைத் திறக்க நேரம் கிடைக்கவில்லை என்பதும். சாவி 2008இல் உம்மா மௌத்தாகும்வரை புத்தளத்தில் ஓலைக் கொட்டிலின் வளையில் தொங்கியது. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுக்க எங்களுக்கு 2011 வரை ஆனது.

வாப்பா 1997இல் மௌத்து. பிள்ளைகள் நாலு பேர். மூத்த காக்கா, நான், தம்பி, தங்கச்சி. மார்க்கச் சட்டப்படி ஆண்பிள்ளைக்கு இரண்டு பங்கு, பெண்பிள்ளைக்கு ஒன்று. மொத்தம் ஆறு பங்கு. ஆகவே 10 பேர்ச்சில் காக்காவுக்கும் தம்பிக்கும் 3⅓ பேர்ச் வீதம், எனக்கும் தங்கச்சிக்கும் 1⅔ பேர்ச் வீதம். நகரப் பகுதியில் காணியைத் துண்டாக்கி அனுமதி எடுப்பதென்றால் சாதாரணமாக ஒரு துண்டு 6 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது. ஆகவே எங்கள் காணியை நாலாகவும் பிரிக்க முடியாது, இரண்டாகவும் பிரிக்க முடியாது.

2019இல் தம்பி போனான். அவனுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். அப்படியென்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இரண்டு மகள்மாருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. மிச்சம் 24இல் 5 பங்கு. அது உடன்பிறந்தவர்களுக்கு, அதாவது எங்களுக்கு வரும். நான் தாளில் போட்டுப் பார்த்தேன். தம்பியின் 3⅓ பேர்ச்சில் எனக்கு வருவது 47 சதுர அடி. ஒரு கட்டில் போட்டு, பக்கத்தில் நடக்க ஓர் இடம்.

மச்சியும் பிள்ளைகளும் இப்போது அந்த வளவின் பின்பக்கத்தில் தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். பழைய வீட்டின் முன்சுவர் இன்னும் நிற்கிறது, கூரை இல்லை. அந்தக் கொட்டிலுக்குள் கட்டில் போடும் அளவு இடம் எனக்கும் சொந்தம். சிரிப்பு வரவில்லை.

வீட்டுத் திட்டம் என்று வரும்போது அதிகாரிகள் கேட்பது தனி உறுதி, அல்லது மற்றப் பங்காளிகள் எல்லோருடைய சம்மதக் கடிதம். மச்சிக்குத் தேவை மூன்று கையெழுத்து. தங்கச்சி கொழும்பில் இருக்கிறாள், கேட்ட அன்றே சரி என்றாள். காக்கா புத்தளத்தில், இன்னும் வைக்கவில்லை. மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நடந்த நல்லதைச் சொல்லவேண்டும். நான் இருக்கும் வீடு என் கணவரின் தாய்வழி வளவில் இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டியது. 50,000 வீடு கட்டும் அந்தத் திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளை வீட்டுக்காரரே கட்டினார்கள். புது வீட்டுக்கு 550,000 ரூபா, திருத்த வேலைக்கு 250,000. அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் அடுத்தது என்று பணம் வங்கிக் கணக்குக்கு நேரே வரும். குறைந்தது 550 சதுர அடி இருக்கவேண்டும். மற்றபடி மேசன் யார், கதவு எந்தப் பக்கம், குசினி உள்ளேயா வெளியேயா, எல்லாம் எங்கள் விருப்பம். 2001இல் குஜராத்தின் கச்சுப் பகுதியில் பூமி அதிர்ந்த பிறகும் ஆகக்கூடுதலான வீடுகளை இப்படித்தான் மக்களே கட்டினார்கள்.

அந்த விருப்பம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கட்டும்போதுதான் தெரிந்தது. முதல் வரைபடத்தில் முன்கதவைத் திறந்தால் குசினி நேராகத் தெரிந்தது. என் மாமி ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஆம்பிளையள் வந்தா நாங்க எங்கால போற?" விறாந்தைக்கும் உள்ளறைக்கும் இடையில் ஒரு சுவரைத் தள்ளி, பின்பக்கம் ஒரு வாசல் வைத்தோம். செலவு சில ஆயிரம்தான் கூடியது. பக்கத்துத் தெருவில் சைவக் குடும்பம் ஒன்று அதே 550 சதுர அடிக்குள் சாமியறைக்கு இடம் எடுத்துக்கொண்டது. ஒரே வரைபடத்தைக் கொழும்பில் இருந்து போட்டு அனுப்பியிருந்தால் இரண்டு வீட்டிலும் ஆட்கள் சுவர் இடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

ஆனால் பணம் காணவில்லை, அதையும் சொல்லவேண்டும். சீமெந்து, மணல், மேசன் கூலி எல்லாம் ஒரே நேரத்தில் ஏறியது, ஏனென்றால் மாவட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வீடு கட்டினார்கள். என்னுடைய இரண்டு காப்பு அந்தக் கூரையில்தான் இருக்கிறது. எனக்குச் சம்பளம் இருந்தது. நாளாந்தம் பழைய இரும்பு எடுத்து விற்கிறவர், வீட்டில் இருந்து தைக்கிறவர் எப்படிச் சமாளித்தார்கள் என்றால், அனேகமாகக் கடன்.

அந்தத் திட்டத்தில் எங்கள் ஆட்களில் பலர் விடுபட்டார்கள். புள்ளி போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள். வன்னியில் கடைசி யுத்தத்தில் எல்லாம் இழந்து வந்த சனத்துக்கு முன்னுரிமை கொடுத்தது நியாயம், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அரச கடதாசியில் நாங்கள் 'பழைய' இடம்பெயர்ந்தோர். 20 வருடத்துக்கு முந்தி இழந்தவன் இப்போதைக்குப் பொறுக்கலாம் என்பதுபோல ஒரு சொல். அடுத்தது, ஊரில் நிரந்தரமாகத் தங்கியிருக்கவேண்டும் என்றார்கள். தங்குவதற்கு வீடு வேண்டும், வீடு வேண்டுமென்றால் தங்கியிருக்கவேண்டும். பள்ளிவாசல் மண்டபத்திலும், சொந்தக்காரர் வீட்டு விறாந்தையிலும், இடிந்த சுவருக்கு மேலே படங்கு கட்டியும் எத்தனை குடும்பம் மாதக்கணக்கில் இருந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காகத் திரும்பப் புத்தளம் போனது என்று உங்களுக்கே தெரியும். போனவுடன் பதிவில் என்ன எழுதினார்கள்? 'நிரந்தரமாக வசிக்கவில்லை.' ஓர் அலுவலகத்தில் ஒருவர் என்னிடமே சொன்னார், "உங்கட ஆக்கள் வீட்டுக்கு மட்டும்தான் வாறாங்க டீச்சர்" என்று. வீட்டுக்கு வராமல் வேறு எதற்கு வருவார்கள்?

காக்காவின் கதை இதில்தான் வருகிறது. அவர் தில்லையடியில் வீடு கட்டிவிட்டார். 2007இல் உலக வங்கிக் கடனுதவியோடு புத்தளத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு வீடு கட்டும் திட்டம் தொடங்கியபோது ஊரவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. அங்கே நிரந்தர வீடு எடுத்தால் யாழ்ப்பாணத்து உரிமை போய்விடும் என்று ஒரு பக்கம், ஓலைக் கொட்டிலில் 17 வருடம் மழைக்கு நனைந்தது போதும் என்று மற்றப் பக்கம். புத்தளத்தில் வீடு எடுப்பதால் வடக்கில் உள்ள சொத்துரிமை இல்லாமல் போகாது என்றுதான் சொல்லப்பட்டது. அப்படி இருந்தும் எத்தனையோ வயசாளிகள் பயந்து கையெழுத்து வைக்கவில்லை. வாக்காளர் இடாப்பில் எந்த ஊரில் பெயர் இருக்கவேண்டும் என்பதற்கே வீட்டுக்குள் சண்டை.

காக்காவின் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து அங்கேயே கலியாணம் முடித்தவர்கள். அவர்களிடம் "ஊர் எது" என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்பார்கள், ஆனால் சோனகர் தெருவில் எந்த ஒழுங்கை எங்கே முடிகிறது என்று தெரியாது. காக்காவுக்கு இங்கே வந்து குடியிருக்கும் எண்ணம் இல்லை. ஆனால் அந்த 3⅓ பேர்ச்சை விடவும் மாட்டார். "அதையும் எழுதிக்குடுத்தா எனக்கு யாழ்ப்பாணத்தில என்னடி கிடக்கு?" என்று போனில் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியில் பிழை இல்லை.

வருவீர்களா மாட்டீர்களா, ஒரு முடிவு சொல்லுங்கள் என்று 15 வருடமாக எங்களைக் கேட்கிறார்கள். 1998இல் ஐ.நா. வெளியிட்ட உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றிய வழிகாட்டிக் கொள்கைகளில் 28ஆவதை நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன். இடம்பெயர்ந்தவர் விரும்பினால் சொந்த இடம் திரும்பலாம், விரும்பினால் நாட்டின் வேறு இடத்தில் குடியேறலாம், அதைத் திட்டமிடுவதில் அவர்களும் முழுமையாகப் பங்குபற்ற வகை செய்யவேண்டும் என்ற பொருளில் இருக்கிறது. ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "டீச்சர், வாப்பா அங்கயும் உம்மா இங்கயும் எண்டா?" எங்களில் பாதிக் குடும்பம் அப்படித்தான். வியாபாரம் இங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே. அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்கு எந்தப் படிவத்திலும் கூடு இல்லை.

இனி, இன்னொரு வீட்டைப் பற்றி எழுதவேண்டும். இதை எழுத ஐந்து வருடமாக யோசித்தேன்.

எங்கள் பெரியும்மாவின் வீடு மட்டும் 2010இல் நாங்கள் வந்து பார்த்தபோது கூரையோடு நின்றது. அதற்குக் காரணம் உள்ளே ஆட்கள் இருந்தார்கள். மயிலிட்டிக் குடும்பம். வலிகாமம் வடக்கில் இருந்து 1990 ஜூனில் இடம்பெயர்ந்தவர்கள், அதாவது எங்களுக்கு நாலு மாதம் முந்தி. முகாமில் இருந்து, 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அவர்களும் நடந்து, திரும்பி வந்து, கடைசியில் பெரியும்மாவின் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். (அதே ஒக்டோபர் 30. ஐந்து வருடம் கழித்து அதே திகதி.) அந்த அம்மா ஒவ்வொரு வருடமும் ஓடு மாற்றியிருக்கிறார். எங்கள் மூத்தவாப்பாவின் பழைய சாய்மனைக் கதிரையைத் துணியால் மூடி வைத்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது, "உங்கட வீடு, நாங்கள் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்" என்றார். பெரியும்மா அழுதார், அந்த அம்மாவும் அழுதார். இரண்டு மாதத்தில் அவர்கள் போய்விட்டார்கள்.

எங்கே போனார்கள்? அன்றைக்கு நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. மல்லாகம் பக்கம் ஒரு முகாமில் சொந்தக்காரரோடு இருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தையும் கொஞ்ச நிலத்தையும் விடுவித்தபோது தொலைக்காட்சியில் அந்த முகங்களுக்குள் அவரைத் தேடினேன். காணவில்லை. அவர்களுடைய காணி விடுபட்ட பகுதிக்குள் வந்ததா, வேலிக்கு அந்தப் பக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களுக்கு வீடு திரும்பக் கிடைத்தது, அதே நாளில் ஒரு குடும்பத்துக்கு வீடு இல்லாமல் போனது. யாரும் யாரையும் துரத்தவில்லை. இரண்டு குடும்பத்தையும் ஒரே மேசையில் வைத்து, நீங்கள் இங்கே வருகிறீர்கள், அப்படியென்றால் இவர்கள் எங்கே போவது என்று பார்க்க ஓர் ஏற்பாடு இருக்கவில்லை, அவ்வளவுதான். முஸ்லிம் மீள்குடியேற்றம் ஒரு கோப்பு, வலிகாமம் வடக்கு இன்னொரு கோப்பு. இரண்டு கோப்பையும் திறக்கிறவர்கள் சந்திப்பதில்லை.

வீடமைப்புக்கு மாவட்டத்துக்கே ஒரு திட்டம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எங்களுக்கு இத்தனை வீடு, அவர்களுக்கு இத்தனை வீடு என்று பங்கு கேட்கிற பேச்சில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. காணி இல்லாதவர்கள் தமிழர்களிலும் இருக்கிறார்கள், ஏராளமாக. குடியிருந்த காணியே தன் பெயரில் இல்லாமல் பரம்பரையாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். சொந்தக் காணி இருந்தால்தான் வீடு என்ற விதி முதலில் அவர்களைத்தான் வெட்டுகிறது.

2016இல் 65,000 இரும்பு வீட்டுக் கதை ஞாபகம் இருக்கும். ஒரு வீடு 21 இலட்சம் ரூபா. அதே காலத்தில் கல்வீட்டுக்குக் கொடுத்த உதவி 8 இலட்சம். பொறியியலாளர்கள் கேள்வி கேட்டார்கள், மாகாண சபை எதிர்த்தது, வெக்கைக்கு எப்படி இருப்பது, பிறகு ஓர் அறை கூட்டிக் கட்டுவது எப்படி, உள்ளூர் மேசன்மாருக்கு என்ன வேலை என்று பத்திரிகையில் மாதக்கணக்கில் எழுதினார்கள். கடைசியில் அந்தத் திட்டம் எழுதியபடி நடக்கவில்லை. நல்லது. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்கிறேன். அந்த நேரம் தகரக் கொட்டிலில் இருந்த ஒரு தாய் என்னிடம், "டீச்சர், இரும்போ கல்லோ, மழைக்கு முந்தித் தருவாங்களா?" என்றுதான் கேட்டார். நாங்கள் கல்வீடு வேண்டும் என்று எதிர்த்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்தோம். அவருக்கு இரண்டும் கிடைக்க வருடக்கணக்கு ஆனது.

பிறகு அரைகுறை வீடுகள். ஒரு திட்டத்தில் முதல் தவணையை வாங்கி, இருந்த கொட்டிலையும் பிரித்துவிட்டு அத்திவாரம் போட்டவர்கள், 2019 கடைசியில் ஆட்சி மாறியதும் அடுத்த தவணை வராமல் நின்றார்கள். 2022இல் சீமெந்து மூட்டை 3,000 ரூபாவைத் தொட்டபோது அந்தச் சுவர்களுக்கு இடையில் மரம் முளைத்தது. அரசாங்கம் மாறினால் திட்டத்தின் பெயர் மாறும், படிவம் மாறும், பட்டியல் மறுபடி முதலில் இருந்து தொடங்கும். பட்டியல் எங்கள் கையில், எங்கள் மாவட்டத்தில் இருந்தால் அவ்வளவு சுலபமாக அதைத் தூக்கி எறிய முடியாது. இளைஞர்களின் படிவத்தை நான் ஆதரிப்பதற்கு இதுதான் காரணம்.

பொம்மைவெளியைப் பற்றி இரண்டு வரி. மலிவாகக் காணி கிடைத்தது என்று பலர் அங்கே வாங்கினார்கள். பள்ளமான நிலம். 2024 நவம்பர் கடைசி மழையில் மாவட்டம் முழுக்கப் பல்லாயிரம் பேர் பாதிக்கப்பட்டபோது அங்கே வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் என் மாணவி ஒருத்தியின் புத்தகங்கள் மிதந்தன. வீடு கட்டிக் கொடுத்தவர்கள் வீட்டைக் கொடுத்தார்கள், வடிகானைக் கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல், மலக்குழியில் விடுவது மெதுவாகக் கிணற்றுக்குப் போகும். இரண்டுக்கும் இடையில் 50 அடி இருக்கவேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். ஒரு பரப்பில் மூன்று குடும்பம் இருந்தால் 50 அடிக்கு எங்கே போவது? தாளையடியில் 2024இல் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் திறந்தார்கள், குழாய்த் தண்ணீர் எல்லா ஒழுங்கைக்கும் வந்தால் குடிநீர்ப் பிரச்சினை குறையும். மலக்குழிப் பிரச்சினை அப்போதும் இருக்கும். ஆகவே வீட்டை எண்ணுகிறவர்கள் கிணற்றையும் குழியையும் வாய்க்காலையும் சேர்த்து எண்ணவேண்டும்.

எங்கள் காணிக்கு வருகிறேன். எங்களைப்போல ஒரு பரப்புக்குள் நாலைந்து பங்காளிகள் உள்ள குடும்பம் சோனகர் தெருவில் குறைவில்லை. எங்களுக்கு நிலத்தில் பிரிக்க வழி இல்லை, உயரத்தில் பிரிக்கலாம். 1973ஆம் ஆண்டின் மாடிவீட்டு ஆதன உரிமைச் சட்டப்படி ஒரு கட்டடத்தில் தட்டுக்குத் தட்டு தனி உறுதி எழுத முடியும். கொழும்பில் பணக்காரர் அந்தச் சட்டத்தில் வாழ்கிறார்கள். நாங்கள் இரண்டு தட்டு வீட்டுக்கு ஏன் அதைக் கேட்கக்கூடாது? கீழே மச்சியும் பிள்ளைகளும், மேலே காக்காவுக்கு ஓர் அறையும் குளியலறையும். அவர் வருடத்தில் இரண்டு பெருநாளுக்கு வந்தாலும் அது அவருடைய வீடு. ஆனால் இன்றுவரை நான் கண்ட எந்த வீட்டுத் திட்டத்திலும் இரண்டு பங்காளிக்கு இரண்டு உதவித்தொகையைச் சேர்த்து ஒரே கட்டடம் கட்ட இடம் இல்லை. ஒரு காணி, ஒரு பயனாளி, ஒரு வீடு. நகரத்துக்கு அந்த விதி பொருந்தாது. பெரிய மாடிக்குடியிருப்பு கட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இளம் குடும்பங்களில் சிலர் அதற்கு விருப்பம் என்கிறார்கள், வயசாளிகள் ஜனாஸாவை மூன்றாம் மாடியில் இருந்து எப்படி இறக்குவது என்று கேட்கிறார்கள். இரண்டு பேரையும் கேளுங்கள், இரண்டையும் வையுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் கேளுங்கள், அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

சட்டத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாமல் போனது. 10 வருடம் ஒருவர் தொடர்ந்து ஆண்டால் காணி அவருக்கு என்ற ஆட்சியுரிமை விதியில் இருந்து, யுத்தத்தால் வரமுடியாமல் போனவர்களைக் காப்பாற்ற 2016இல் 5ஆம் இலக்க விசேட சட்டம் வந்தது. வழக்கு வைக்க இரண்டு வருட அவகாசம். அந்த இரண்டு வருடமும் புத்தளத்தில் எத்தனை பேருக்கு அது காதில் விழுந்தது? என் பாடசாலை ஆசிரியர் அறையிலேயே அதைக் கேள்விப்படாதவர்கள் இருந்தார்கள். நானும் அதில் ஒருத்தி.

இப்போது என் கையெழுத்து.

மச்சி என்னிடம் சம்மதக் கடிதம் கேட்டது இந்த மாதம் இல்லை. இரண்டு வருடம் முந்தி. நான் "பார்ப்பம்" என்றேன். எனக்கு வீடு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, வாப்பாவின் காணியில் எனக்கு வருவது 1⅔ பேர்ச்சும் ஒரு கட்டில் இடமும். ஆனாலும் "பார்ப்பம்" என்றேன். என் மகளுக்குக் கலியாணம் பேசும் நாளில் சீதனமாக வீடு கேட்பார்களே, வாப்பாவின் காணியில் ஏதாவது இருக்கட்டுமே என்று ஒரு கணக்கு மனதில் இருந்தது. மேடையில் ஏறி, பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கேட்கிற வழக்கம்தான் எங்கள் சனத்தைக் காணிக்குக் காணி அலையவைக்கிறது என்று பேசியவளும் நான்தான். அந்த இரண்டு வருடத்தில் ஒரு பட்டியல் எடுத்துப் போனார்கள். சம்மதக் கடிதம் இல்லை என்று மச்சியின் பெயரை எடுக்கவில்லை. அதை மச்சி ஒருநாளும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பட்டியலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

போன திங்கட்கிழமை நொத்தாரிசிடம் போய்க் கையெழுத்து வைத்துவிட்டேன். மகளுக்கும் சொன்னேன். "எனக்கு அது தேவையில்ல உம்மா, முந்தியே வெச்சிருக்கலாமே" என்றாள்.

காக்காவுக்கு இரண்டு தட்டு வீட்டின் படத்தைக் கீறி வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார், இன்னும் பதில் இல்லை. காக்கா, இந்தப் பதிவையும் நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். கிணற்றடி மாமரத்தைத் தொடாமல்தான் படம் கீறியிருக்கிறேன்.

படிவத்தில் 7ஆம் கேள்வியை மாற்றிவிட்டோம். இனி ஆம், இல்லை கிடையாது. காணி யாருடைய பெயரில், பங்காளிகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், யார் சம்மதம், யார் சம்மதம் இல்லை, ஏன் என்று எழுத இடம் விட்டிருக்கிறோம். புத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தனித் தாள்: நிரந்தரமாக வர விருப்பமா, போய்வர விருப்பமா, அங்கேயே இருக்க விருப்பமா, காணியை என்ன செய்ய விருப்பம். எதைச் சொன்னாலும் பெயர் வெட்டப்படாது என்று மேலேயே எழுதியிருக்கிறோம். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பத்தில் கேள்வி கேட்கப் பெண்களே வருவார்கள். பழைய படிவம் கொடுத்தவர்கள் திரும்ப ஒருமுறை நிரப்பவேண்டும், மன்னிக்கவும்.

வரும்போது உறுதிப் பிரதி இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் பழைய வரிச்சீட்டு, மின்சாரப் பட்டியல், 1990க்கு முந்திய வாக்காளர் இடாப்பு, பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள விலாசம், எது இருந்தாலும் சரி. பெரியும்மாவின் வீட்டில் இருந்த அந்த மயிலிட்டிக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் எனக்கு உள்பெட்டியில் ஒரு தகவல் போடுங்கள். அவர்களுக்கும் ஒரு படிவம் வைத்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்.